மூடியைத் தூக்கிப் பார்த்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சுகாதார ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் பெரும்பகுதி, அடுத்தவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பதுதான். டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளியும். "அது சும்மா தண்ணிப் பூச்சி சார், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லாத வீடு குறைவு. அந்தப் பூச்சி வளர்ந்தால் ஏடிஸ் எஜிப்டி கொசு. நமக்கு டெங்குவைக் கொண்டு வருவது அதுதான். இதே கொசுதான் கியூபாவிலும் பனாமாவிலும் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பி ஊர் ஊராகச் சுடுகாட்டுக்கு அனுப்பியது. அதை எப்படி அடக்கினார்கள் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. மஞ்சள் காய்ச்சல் வைரஸால் வருவது. கடுமையானால் கண்ணும் உடம்பும் மஞ்சளாகும், இரத்தம் கலந்து கறுப்பாக வாந்தி வரும். நம் நாட்டில் அந்தக் கொசு இருக்கிறது, அந்த நோய் இதுவரை பரவியதில்லை. நோயுள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் விமான நிலையத்தில் தடுப்பூசி அட்டை கேட்பது இதனால்தான்.

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே என்று ஒரு மருத்துவர். 1881 ஆகஸ்டில் அங்குள்ள அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்றார், எந்தக் கொசு என்பதையும் சரியாகவே சொன்னார். சபையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. இருபது ஆண்டுகள் அப்படியே போயின. அவர் செய்த சோதனைகளும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே இன்னொருவரைக் கடிக்கவிட்டார். நோய் வரவில்லை. கொசுவின் உடலுக்குள் அந்தக் கிருமி வளர்ந்து தயாராக ஏறக்குறைய 12 நாட்கள் வேண்டும். அதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

அந்த நாட்கணக்குக்கு வழிகாட்டியவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்க மருத்துவர். 1898இல் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர்களில் வீடு வீடாகப் போய், முதல் நோயாளி என்றைக்குப் படுத்தார், அடுத்தவர் என்றைக்குப் படுத்தார் என்று தேதி குறித்தார். முதல் நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் இடைவெளி விழுவதைக் கண்டார். கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டுந்தான். களப்பணிக்காரன் என்பதால் எனக்கு இவர்மேல் தனி மரியாதை உண்டு.

1900இல், அப்போது அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்த ஹவானாவில், வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் நால்வர் ஆய்வில் இறங்கினார்கள். தான் காப்பாற்றி வைத்திருந்த கொசு முட்டைகளை ஃபின்லே அவர்களிடம் கொடுத்தார். அந்த நால்வரில் ஜெஸ்ஸி லாசியர் என்பவர் கொசுக்கடிக்குப் பிறகு காய்ச்சல் கண்டு செப்டம்பர் 25ஆம் தேதி இறந்தார். வயது 34. அவர் பெயரால் அமைத்த முகாமில் இரண்டு குடிசைகள் கட்டினார்கள். ஒன்றில் நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த போர்வைகளைப் போட்டு அதில் மூன்று பேர் 20 இரவுகள் படுத்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. இன்னொரு குடிசை படுசுத்தம். நடுவில் கம்பிவலை கட்டி ஒரு பக்கம் மட்டும் கொசுவை விட்டார்கள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வந்தது, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. நோயாளியின் துணிமணியைக் கொளுத்துவதால் பயனில்லை என்பது அங்கே முடிவாகிவிட்டது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? அந்த வேலை விழுந்தது ஹவானாவின் சுகாதார அதிகாரி வில்லியம் கோர்காஸ் தலையில். அவரும் முதலில் கொசுவை நம்பாதவர்தான். 1899இல் நகரத்தின் குப்பையெல்லாம் வாரித் தெருக்களைப் பளிச்சென்று வைத்திருந்தார். ஆனாலும் 1900இல் அங்கே மஞ்சள் காய்ச்சலில் 310 பேர் இறந்தார்கள். எந்தக் கொசு சாக்கடையில் முட்டையிடும், எது வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்ற வேறுபாடு தெரியாமல் தெருவைப் பெருக்கிப் பயனில்லை. நான் வேலை பார்த்த ஊர்களிலும் டெங்கு வந்தால் மக்கள் சாக்கடையைத்தான் காட்டுவார்கள். நாங்கள் சமையலறைப் பக்கம் போனால் முகம் சுளிப்பார்கள்.

1901 தொடக்கத்தில் கோர்காஸ் வீட்டுக்குள்ளே போனார். நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆய்வாளரைப் போட்டார். பானை, பீப்பாய், மழைநீர்த் தொட்டி எல்லாவற்றையும் மூட வேண்டும். மூட முடியாததில் எண்ணெய் ஊற்ற வேண்டும். புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம். நோயாளியைக் கம்பிவலை அறையில் வைத்தார்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாட்களில் கடித்தால்தான் கொசு கிருமியை எடுத்துக்கொள்கிறது, அந்த வாய்ப்பையே கொடுக்கக் கூடாது என்பது கணக்கு. அந்த வீட்டையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் இடுக்கெல்லாம் அடைத்துப் பூச்சிக்கொல்லிப் பொடியோ கந்தகமோ போட்டுப் புகை மூட்டினார்கள். முதல் சுற்றில் புழு இருந்த இடங்கள் ஏறக்குறைய 26,000. ஓராண்டில் அது 300க்கும் கீழே வந்தது. 1901இல் இறப்பு 18. 1902இல் ஒன்றுமில்லை.

பிறகு 1904இல் பனாமா. அங்கே கால்வாய் வெட்டும் வேலையை அமெரிக்கா கையில் எடுத்தது. அதற்கு முன் வெட்ட வந்த பிரெஞ்சுக்காரர்கள் எட்டு ஆண்டுகளில் 20,000 பேரைப் பறிகொடுத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தலைமைப் பொறியாளர் ஜூல் டிங்லெர் இரண்டு ஆண்டுகளுக்குள் மகள், மகன், மருமகனாக வரவிருந்தவர், மனைவி எல்லோரையும் இழந்தார். பனாமா நகரத்தை ஒட்டிய அன்கோனில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மருத்துவமனையில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். அந்தக் கிண்ணங்களிலேயே கொசு வளர்ந்தது. வேறு நோய்க்காகப் படுத்தவர்கள் அங்கே மஞ்சள் காய்ச்சல் வாங்கிக்கொண்டார்கள். நல்ல மனசோடு வைத்த கிண்ணங்கள் அவை. நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கோர்காஸ் பனாமா போனபோது, ஹவானாவில் நடந்தது தெரிந்திருந்தும் மேலதிகாரிகள் கொசுக் கதை என்று தள்ளினார்கள். கேட்ட பொருள்கள் வரவில்லை. 1905இல் நோய் வெடித்தது, அமெரிக்க ஊழியர்கள் கப்பலேறி ஓடினார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கோர்காஸ் பக்கம் நின்றார், புதிய தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸ் ஆளும் பணமும் கொடுத்தார். பனாமா நகரத்தில் வீடுவீடாகப் புகை போட்டார்கள். அதைவிட முக்கியமாக, குழாய்த் தண்ணீர் கொண்டு வந்தார்கள். தண்ணீர் தினமும் வந்தால் யாரும் பீப்பாயில் சேர்த்து வைக்கப் போவதில்லையே! என் அனுபவத்திலும் இதுதான் உண்மை. பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் போய்த் தொட்டியை வாராவாரம் காலி செய்யச் சொல்ல எனக்கே வாய் வராது. 1905 நவம்பரோடு அந்த நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் ஓய்ந்தது.

மலேரியா அவ்வளவு லேசில் விடவில்லை. அனோபிலிஸ் கொசு அங்கே குளம்பு பதிந்த குழியிலும், தோண்டிப்போட்ட மண்ணில் தேங்கிய நீரிலும் வளரும். நாடு முழுக்க அதை ஒழிக்க முடியாது என்று கோர்காஸுக்குத் தெரிந்தது. ஆகவே தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி 200 கெஜம் மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்குள் தண்ணீரை வடித்தார்கள், புதரை வெட்டினார்கள், ஓடைகளில் எண்ணெய் விட்டார்கள், கொய்னா மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். 1906இல் 26,000 ஊழியர்களில் 21,000 பேருக்கு மேல் மலேரியாவால் மருத்துவமனையில் படுத்தார்கள். 1912இல் ஊழியர்கள் 50,000 பேருக்கு மேல், படுத்தவர்கள் ஏறக்குறைய 5,600.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பிவலை அடித்த நல்ல வீடுகள் வெள்ளை ஊழியர்களுக்குக் கிடைத்தன. பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களில் பலர் வலையில்லாத கொட்டகைகளில் கிடந்தார்கள். கால்வாய் வெட்டும்போது அதிகம் செத்தவர்களும் அவர்கள்தான். ஓடை ஓடையாக எண்ணெய் தெளித்து மற்றவர்களைக் காப்பாற்றியவர்களிலும் பெரும்பாலோர் அவர்களே.

அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஒருவர் சேற்றில் நிற்கிறார். கீழே அவர் பெயர் போடவில்லை. அந்தத் தெளிப்பானைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பணியாளர்கள் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் சுமந்ததும் ஏறக்குறைய இதே மாதிரிதான். தோள் வார் அறுந்தால் சணல் கயிறு கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போவார்கள்.

நன்றி, வணக்கம்.