ஜான் ஹவ்லண்டின் மனைவி யார்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1620-இல் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள். அவர்களில் ஒரு வேலைக்கார இளைஞரின் குடும்ப வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஜான் ஹவ்லண்ட். ஹண்டிங்டன்ஷயரில் ஃபென்ஸ்டான்டன் என்ற ஊர்க்காரர். பின்னாளில் பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் பணியாளாகக் கப்பலேறியவர்.

கரை சேருமுன்பே அவர் கதை முடிந்திருக்க வேண்டியது. நடுக்கடலில் புயல். மேல்தளத்துக்கு வந்தவரைக் கப்பல் ஒரு குலுக்கலில் கடலில் தள்ளிவிட்டது. பாய் ஏற்றும் கயிறு ஒன்று வெளியே தண்ணீரில் நீளமாகக் கிடந்தது. அது கைக்கு அகப்பட்டது. பல அடி ஆழத்துக்குள் போயும் அவர் பிடியை விடவில்லை. கயிற்றோடு இழுத்து, கொக்கி போட்டு மேலே தூக்கினார்கள். அதே கப்பலில் வந்த வில்லியம் பிராட்ஃபோர்டு இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் மாண்டுபோனார்கள். 1621 ஏப்ரலில் கார்வரும் போனார், சில வாரங்களில் அவர் மனைவியும் போனார். இவர்கள் குடியேறிய இடமோ, அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் பட்டுக்செட் என்ற ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் அந்த ஊரையே துடைத்துவிட்டிருந்தது. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் வம்சாவளியை இப்படித் தேட ஓர் ஏடும் நமக்கு இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஹவ்லண்ட் பிழைத்தார், மணம் முடித்தார். யாரை? கார்வரின் மகளை என்றும், பேத்தியை என்றும் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பெரிய இடத்துச் சம்பந்தம் அல்லவா! ஆளுநரின் இரத்தம் தங்கள் உடம்பில் ஓடுவதாக நம்பினார்கள்.

பிராட்ஃபோர்டு எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி அப்போது யார் கண்ணிலும் படவில்லை. பாஸ்டனில் இருந்த அது, அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தை ஒட்டிக் காணாமல் போய்விட்டது. 1855-இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அச்சேறியது. அதன் கடைசியில், கப்பலில் வந்தவர் யார், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் இறந்தார் என்று 1650 வாக்கில் பிராட்ஃபோர்டு எழுதிய பட்டியல். ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை, இருவருக்கும் பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

யார் அந்த எலிசபெத்? பெட்ஃபோர்டுஷயரில் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் 1607 ஆகஸ்ட் 30 அன்று அவருக்கு ஞானஸ்நானம். கப்பலேறும்போது வயது 13. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என்று உடன் வந்த நான்கு பெரியவர்களும் முதல் குளிர்காலத்தில் போய்விட்டார்கள். அந்நிய மண்ணில் தன்னந்தனியாக நின்ற அந்தச் சிறுமியைத்தான் வாரிசுகளின் பெருமை இருநூறு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. இதுதான் என்னை உறுத்துகிறது.

இன்னொரு ஏட்டையும் காட்டுகிறேன். 1627-இல் பிளிமத்தில் பொதுச் சொத்தாக இருந்த மாடுகளைப் பங்கு பிரித்தார்கள். 13 பேர் ஒரு குழு, மொத்தம் 12 குழுக்கள். பால் எல்லாருக்கும் சேர வேண்டும் என்பதால் பெண்கள், கைக்குழந்தைகள் பெயரையும் எழுதினார்கள். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது பொன்னான ஏடு. நான்காவது குழுவில் ஜான் ஹவ்லண்ட், மனைவி எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசையர். அவர்கள் பங்குக்கு வந்த கிடாரிக்கு ராக்ஹார்ன் என்று பெயர்! ஆனால் இந்த ஏட்டில் எலிசபெத் ஹவ்லண்ட் என்றுதான் இருக்கிறது, பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. இதை மட்டும் வைத்திருந்தால் அவரைக் கார்வர் வீட்டுப் பெண் என்று சொன்னவர்களை யாரும் மறுத்திருக்க முடியாது. பிராட்ஃபோர்டின் பட்டியலும் ஹென்லோ பதிவேடும் சேர்ந்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது.

தேடுகிறவர்கள் தேதிகளிலும் கவனமாக இருக்க வேண்டும். அன்றைய ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல். அதனால் பிப்ரவரி 23 அன்று நேர்ந்த ஹவ்லண்டின் மரணம் அவர்கள் கணக்கில் 1672, நம் கணக்கில் 1673; எனவே 1672/73 என்று இரட்டை ஆண்டோடு குறிக்கப்படுகிறது. அவர் 1672 மே மாதம் எழுதிய உயிலை எடுத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கைத் தவறவிட்டால், உயில் எழுதுமுன்பே ஆள் இறந்துபோனதாகிவிடும்.

எலிசபெத் 1687 டிசம்பரில், 80 வயதில், இன்றைய மாசசூசெட்ஸில் உள்ள ஸ்வான்சியில் மகள் லிடியாவின் வீட்டில் காலமானார். பத்துப் பிள்ளைகளும் வளர்ந்து ஆளாகி, பேரப்பிள்ளைகள் 80-க்கும் மேல். எழுத்தாளர் எமர்சன், ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஜனாதிபதிகளான புஷ் தந்தையும் மகனும் இந்த வழியில் வந்தவர்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் பாட்டி ஹென்லோவில் பிறந்த அந்த டில்லி வீட்டுப் பெண். கார்வர் தம்பதிக்கு வாரிசு யாரும் இல்லை.