காசு நம்முடையது, கடிவாளம் அவர்கள் கையில்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'வீடியோ கேம் உலகில் கடிவாளம் யார் கையில்? ஆடுபவர் கையிலா, கம்பெனி கையிலா?' என்பது தலைப்பு. கம்பெனி கையில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஆடுபவர் முகம் சுளித்தால் போதும், எவ்வளவு பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்று அடித்துச் சொன்னார், மூன்று உதாரணமும் கொடுத்தார். அந்த மூன்றுக்கும் வருகிறேன். அவர் தொடாமல் விட்டதை முதலில் எடுக்கிறேன்.

'தி க்ரூ' என்று ஒரு கார் பந்தய விளையாட்டு. யூபிசாஃப்ட் என்ற கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை வண்டி ஓட்டலாம். யாரோடும் சேராமல் தனியாகவே ஆடி முடிக்கிற கதையும் அதில் உண்டு. 2024 மார்ச் 31 அன்று சர்வரை, அதாவது இணையம் வழியாக விளையாட்டை இயக்கும் கம்பெனியின் கணினியை, நிறுத்தினார்கள், விளையாட்டு அன்றோடு செத்தது. டிஸ்க்காக வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான், ஏனென்றால் தனியாக ஆடும் பகுதிகூட சர்வரைக் கேட்காமல் ஓர் அடி நகராதபடிதான் அதைக் கட்டியிருந்தார்கள். அடுத்த மாதமே, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமத்தையும் எடுக்க ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். அதற்குக் கம்பெனி சொன்ன பதில், நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமத்தை மட்டும்தான், விளையாட்டு உங்கள் சொத்து கிடையாது என்பது. வீட்டை விற்றுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியை மட்டும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிற ஆளோடு நாம் என்ன பேரம் பேச முடியும்?

சர்வர் நடத்தக் காசு ஆகாதா, காலத்துக்கும் நடத்த முடியுமா என்று எதிரணியில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலத்துக்கும் நடத்து என்று யாருமே கேட்கவில்லை. கடையைக் கட்டுகிற அன்று, சர்வர் இல்லாமலும் ஓடுகிற நிலையில் விளையாட்டை எங்கள் கையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். அது முடியாத காரியமா? எதிர்ப்பு கிளம்பியதும் இதே யூபிசாஃப்ட், இதே வரிசையில் வந்த அடுத்த இரண்டு விளையாட்டுகளுக்கும் இணையம் இல்லாமல் ஆடும் வசதி தருகிறோம் என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. அப்படியென்றால் செய்ய முடிகிற வேலைதான். முதல் விளையாட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை, எது பிழைக்க வேண்டும் என்ற முடிவை எடுத்தது கம்பெனி.

சரி, நம்மைப் பற்றிய தகவலைக் கம்பெனி எடுக்கிற விஷயத்துக்கு வருவோம். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். 2025 ஏப்ரலில், ஆஸ்திரியாவிலிருந்து இயங்கும் 'நோய்ப்' என்ற தனியுரிமை அமைப்பு இதே யூபிசாஃப்ட் மீது ஒரு புகார் கொடுத்தது. ஒருவர் அந்தக் கம்பெனியின் ஃபார் க்ரை ப்ரைமல் என்ற விளையாட்டை வாங்கியிருக்கிறார். கற்காலத்தில் நடக்கிற கதை, ஒரே ஒருவர் ஆடுவது, இன்னொரு மனிதருக்கு அதில் வேலையே இல்லை. அதைத் திறக்கவே இணையம் கேட்கிறதே என்று சந்தேகப்பட்டு, தன் கணினியிலிருந்து என்ன வெளியே போகிறது என்று அவரே பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் 150 தடவை வெளி சர்வர்களோடு தொடர்பு கொண்டது என்கிறது அந்தப் புகார். தனியாக உட்கார்ந்து ஆடுகிற மனிதர், எப்போது திறக்கிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார், எப்போது மூடுகிறார் என்பதெல்லாம் இன்னொருவர் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டிய அவசியம் என்ன? ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க என்று சொல்லவும் வழியில்லை, எதிரில் ஆள் இருந்தால்தானே ஏமாற்ற!

ஏமாற்றுபவர்கள் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வலோரன்ட் என்ற இணையப் போட்டி விளையாட்டோடு 2020-ல் வந்த வான்கார்ட் என்ற தடுப்பு மென்பொருள், இயங்குதளத்தின் ஆழமான அடுக்கில் உட்கார்ந்து, நாம் விளையாட்டைத் தொடாவிட்டாலும் கணினி ஆன் ஆகும்போதே எழுந்துவிடுகிறது. போட்டி விளையாட்டில் திருட்டு ஆட்டம் எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கும் தெரியும், தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம் கணினியில் அவ்வளவு ஆழத்தில் இருப்பது என்ன பார்க்கிறது என்று சோதித்துப் பார்க்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? கம்பெனியின் வாய்வார்த்தையை நம்புவதைத் தவிர சாதாரண ஆளுக்கு வேறு வழி கிடையாது. இப்படிக் கொடுத்த தகவலும் பத்திரமாக இருக்கும் என்று உறுதி இல்லை. 2011-ல் சோனியின் இணைய விளையாட்டுச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் திருடர்கள் நுழைந்தபோது சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள் சிக்கின.

அப்புறம் குழந்தைகள். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி-யோடு 2022 டிசம்பரில் செய்துகொண்ட சமரசத்தில் 52 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. அதில் 27.5 கோடி, குழந்தைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டுக்கு. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோரைக் கேட்காமலே எடுத்தது, முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை ஆரம்பத்திலிருந்தே திறந்து வைத்திருந்தது என்பவை அதில் அடக்கம். மீதி 24.5 கோடி, நினைக்காமலே வாங்க வைத்ததற்குத் திருப்பித் தர வேண்டிய பணம். ஆணையம் சொன்னதைக் கேளுங்கள்: உறக்க நிலையிலிருந்து விளையாட்டை எழுப்ப ஒரு பட்டனை அழுத்தினால் பணம் போகிறது, ஒரு பொருளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பட்டனில் விரல் பட்டால் பணம் போகிறது. சரி, வங்கியில் புகார் சொல்லிப் பணத்தை நிறுத்தலாம் என்று போனவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்கள், அதுவரை காசு போட்டு வாங்கிய எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. பறிபோன காசைத் திருப்பிக் கேட்டதற்கு இந்தத் தண்டனை. இதற்குமேல் கடிவாளம் யார் கையில் என்று வேறு சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே?

இப்போது நண்பரின் மூன்று உதாரணங்கள். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் விளையாட்டுக் கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் வந்து தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது, மக்கள் கொந்தளித்தார்கள், அதே ஜூனில் பின்வாங்கியது. 2017-ல் பேட்டில்ஃப்ரண்ட் 2 விளையாட்டில் காசு கொடுத்தால் பலம் கூடும் ஏற்பாட்டை எதிர்ப்புக்குப் பயந்து இ.ஏ என்ற கம்பெனி நிறுத்தி வைத்தது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் ஆடுபவர்கள் எல்லோரும் சோனி கணக்கு திறந்தே ஆக வேண்டும் என்றார்கள், ஒரே வார இறுதியில் எதிர்ப்பு விமர்சனங்கள் குவிந்தன, சோனி கைவிட்டது. மூன்றும் உண்மை, அந்த மக்களை நானும் மதிக்கிறேன். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். 2013-ல் வேண்டாம் என்று விரட்டிய கட்டாய இணையம், நான் சொன்ன அந்தக் கற்கால விளையாட்டுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹெல்டைவர்ஸ் விவகாரத்தில் சோனி இறங்கி வந்த பிறகும், அதன் கணக்கு வசதி இல்லாத நாடுகளில் அந்த விளையாட்டு பல மாதம் விற்பனைக்கே வரவில்லை. புதிதாக வெளிவந்து சூடாக விற்கிற நேரத்தில், கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கம்பெனி ஒரு படி இறங்கும். ஆரவாரம் ஓய்ந்த பத்து வருடப் பழைய விளையாட்டை நேசிக்கிற ஆளுக்கு யார் இறங்கி வருவார்?

பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போ என்கிறார்கள். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனியை விழுங்கி முடித்தது, அறிவித்த விலை 6,870 கோடி டாலர். அமெரிக்க ஆணையம் எதிர்த்தது, பிரிட்டன் முதலில் தடுத்துப் பார்த்தது, கடைசியில் நடந்தேவிட்டது. போவதற்கான கதவுகள் வருடா வருடம் குறைகின்றன.

கடைசியாக, 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தை நண்பர் தன் பக்கத்துச் சாட்சியாக அழைப்பார் என்று நினைக்கிறேன். தி க்ரூ நின்றதும் தொடங்கிய இயக்கம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எனக்கும் அதில் பெருமைதான், அது வெல்ல வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள் என்று கேட்கவே 10 லட்சம் பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சர்வரை நிறுத்த கம்பெனிக்கு எத்தனை கையெழுத்து தேவைப்பட்டது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.