நாற்பது எழுத்தில் ஒரு போர்

அவையோருக்கு வணக்கம். பழஞ்சீனக் கவிஞர் து ஃபூவைச் சோகக் கவிஞர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சோகப்பட யாருக்குத்தான் தெரியாது? அதைக் கறாரான யாப்புக்குள் அடக்கி, அடக்கியதாலேயே கூராக்கினாரே, அதுதான் அவர் வித்தை. அவருடைய ‘வசந்தக் காட்சி’ என்ற கவிதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

பிறந்தது 712இல். 755 இறுதியில் தளபதி ஆன் லுஷான் கலகம் செய்தார். மறு ஆண்டு தலைநகர் சாங்கான் விழுந்தது. புதிய பேரரசரிடம் போய்ச் சேரக் கிளம்பிய து ஃபூ, கலகப் படையிடம் சிக்கி அந்த நகரிலேயே அடைபட்டார். குடும்பம் வடக்கே இருந்தது. 757 வசந்தத்தில் எழுதியது இது.

வடிவத்துக்கு ‘லூஷி’ என்று பெயர். எட்டு அடி, இங்கே அடிக்கு ஐந்து எழுத்து, எழுத்துக்கு ஓர் ஒலி. 2, 4, 6, 8ஆம் அடிகள் ஒரே இயைபில் முடியும். நடுவிலுள்ள இரண்டு ஈரடிகளில் சொல்லுக்குச் சொல் இணை நிற்க வேண்டும். கற்றுக்குட்டிகள் சறுக்குவது இங்கேதான். மலைக்கு ஆறு, கதிருக்கு நிலா என்று நிரப்புவார்கள். முதலடி சொன்னதையே இரண்டாமடியும் சொல்லும்.

து ஃபூவின் 5, 6ஆம் அடிகளைப் பாருங்கள்: ‘போர்த்தீ மூன்று மாதம் தொடர்கிறது, வீட்டுக் கடிதம் பத்தாயிரம் பொன் பெறும்.’ தீக்குக் கடிதம், மூன்றுக்குப் பத்தாயிரம், மாதத்துக்குப் பொன். தீ அணையாததால் கடிதம் வரவில்லை, வராததால் விலை ஏறிற்று. ‘அதனால்’ என்றொரு சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. இணையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கவிதையின் உச்சம் இதுதான் என்பேன்.

கடைசி ஈரடியில், நரைத்த தலையைச் சொறியச் சொறிய முடி குறைந்து கொண்டை ஊசி நிற்க மாட்டேன் என்கிறது. வெறும் முதுமைப் புலம்பலாகப் படித்தால் பாதி போச்சு. அவருக்கு அப்போது 45 வயதுதான். அதிகாரியின் தொப்பியைக் கொண்டையில் பிணைப்பது அந்த ஊசி. அது நிற்காவிட்டால் தொப்பியும் நிற்காது. அரசுப் பணிக்காகவே அலைந்தவருக்கு அது சின்ன விஷயமா?

இயைபைப் பற்றி ஒன்று. அந்த நான்கு அடிகளின் கடைசிச் சொற்களை இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் படித்தால் ஷென், ஷின், ஜின் வரை ஒத்துவரும், ட்ஸான் இடிக்கும். அவர் காலத்தில் நான்கும் மகர ஈறு. தென்சீனாவில் வழங்கும் கான்டனீஸ் பேசுவோர் வாயில் அந்த மகரம் இன்றும் ஒலிக்கிறது.

அடுத்து அவருடைய ‘உயரம் ஏறுதல்’ என்ற லூஷியைப் படியுங்கள். 767இல் குவெய்ஜோவில் எழுதியது. அடிக்கு ஏழு எழுத்து, மொத்தம் 56. இரண்டு ஈரடிகளுக்கு மட்டும் கட்டாயமான இணையை அதில் நான்குக்கும் வைத்திருக்கிறார்.