ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதுக்கு? கறுப்பினக் கல்லூரிகள் பத்தி ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி. மதுரையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்றேன். "போன வீடியோவுல கமலா ஹாரிஸ் படிச்ச ஹோவர்ட் யுனிவர்சிட்டி, அது மாதிரி கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்ச காலேஜுங்க பத்திச் சொன்னீங்க. அங்கெல்லாம் ஃபாரின் லாங்குவேஜ், ஸ்டடி அப்ராட் இருக்கான்னு என் பொண்ணு கேக்குறா. எனக்கு வேற ஒரு சந்தேகம். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற எடத்துல பிரெஞ்சும் ஸ்பானிஷும் எதுக்கு? வேலை கிடைக்கிற படிப்பைச் சொல்லிக் குடுத்தா போதாதா?"

அம்மா, பொண்ணு கேட்டதுக்குக் கடைசியில வர்றேன். நீங்க கேட்டீங்களே, அந்தக் கேள்விக்காக அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு மேல சண்டை நடந்திருக்கு.

போன வீடியோ பாக்காதவங்களுக்கு ஒரு வரி. 1964-க்கு முன்னாடி, கறுப்பின மக்களோட உயர்கல்விக்குன்னே தொடங்கின காலேஜுங்களை அமெரிக்க அரசு 1965 சட்டத்துல தனி வகையாச் சேர்த்துச்சு. எச்.பி.சி.யூ-ன்னு சொல்வாங்க. இன்னைக்குச் சுமாரா நூறு இருக்கு. இப்ப எந்த இனத்துக்காரங்களும் சேரலாம்.

இப்ப சண்டைக்கு வருவோம். அலபாமாவுல டஸ்கீகின்னு ஒரு ஊர். அங்க 1881-லேர்ந்து கறுப்பினப் பிள்ளைங்களுக்குச் செங்கல் சூளை, தச்சு, விவசாயம்னு தொழிற்கல்வி குடுத்துப் பேர் வாங்கினவர் புக்கர் டி. வாஷிங்டன். அவர் 1901-ல வெளிவந்த தன்னோட சுயசரிதையில ஒரு காட்சி சொல்றார். ஒத்தை ரூம் குடிசை. உள்ள ஒரு பையன். துணியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சுத்தி ஒரே அழுக்கு, வாசல்ல களை மண்டிக் கெடக்கு. அவன் பாட்டுக்கு உக்காந்து பிரெஞ்சு இலக்கணம் படிச்சிட்டிருக்கான். அந்த ஒரு மாசப் பயணத்துல தான் பாத்ததிலேயே ரொம்ப வருத்தமான காட்சியில இது ஒண்ணுங்கறார். நீங்க கேட்டதும் கிட்டத்தட்ட இதுதானே?

இதுக்கு டு பாய்ஸ்ங்கற கறுப்பின அறிஞர் 1903-ல பதில் சொன்னார். குடிசையில பிரெஞ்சு படிக்கிற பையனைப் பாத்து இவ்வளவு அலுத்துக்கிறாங்களே, சாக்ரடீஸ் இதைக் கேட்டா என்ன சொல்லியிருப்பார்னு ஒரே போடு. டு பாய்ஸ் சும்மா பேசல. ஃபிஸ்க்ங்கற கறுப்பினக் காலேஜ்ல படிச்சு, ஹார்வர்டு போயி, பெர்லின் யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் படிச்சவர். திரும்பி வந்து 1894-ல ஓஹையோவுல வில்பர்ஃபோர்ஸ்ங்கற கறுப்பினக் காலேஜ்ல லத்தீன், கிரேக்கம், ஜெர்மன் சொல்லிக் குடுத்தார்.

என்னைக் கேட்டா, அந்தக் குடிசைப் பையன் மேல எனக்கு மரியாதைதான் வருது. களையைச் சாயங்காலம் பிடுங்கிக்கலாம்.

வில்பர்ஃபோர்ஸ்ல டு பாய்ஸ் போய்ச் சேர்ந்த அதே பதவியில அவருக்கு முன்னாடி இருந்தவர் வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ. இவரைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். 1852-ல ஜார்ஜியாவுல அடிமையாப் பிறந்தவர். அடிமைக்கு எழுத்து கத்துக்குடுக்கிறது அந்த ஊர்ல சட்டப்படி குத்தம். விளையாடப் போறேன்னு கிளம்பி, புத்தகத்தை மறைச்சு எடுத்துட்டுப் போயி எழுத்து கத்துக்கிட்டாரு. அடிமை முறை ஒழிஞ்சதும் ஓபர்லின் காலேஜ்ல 1875-ல பட்டம். 1881-ல கிரேக்க மொழிக்கு ஒரு பாடப் புத்தகமே எழுதி நியூயார்க்ல வெளியிட்டார். இருபத்தொம்பது வயசு.

ஏன் கிரேக்கம்? கறுப்பினத்தான் ஒருத்தன் கிரேக்க இலக்கணம் தெரிஞ்சவனா இருந்தாத்தான் அவனை மனுஷன்னு ஒத்துக்குவேன்னு ஜான் கால்ஹூன்ங்கற தெற்கத்திய அரசியல்வாதி சொன்னதா அந்தக் காலத்துல ஒரு பேச்சு உண்டு. அலெக்சாண்டர் க்ரமெல்ங்கற கறுப்பினப் பாதிரியார் அதை எழுதி வெச்சிருக்கார். அவங்களுக்குக் கிரேக்கம்ங்கறது பாஷை மட்டும் இல்ல, நீ மனுஷனான்னு கேட்டவனுக்குக் குடுத்த பதில்.

சரி, பதில் குடுத்தாச்சே, மதிச்சாங்களா? 1909-ல பால்டிமோர்ல கிரேக்க-லத்தீன் அறிஞர்கள் மாநாடு. ஸ்கார்பரோ அதுல பல வருஷ மெம்பர், அப்ப வில்பர்ஃபோர்ஸுக்கே தலைவர். ஆனா விருந்து நடக்கிற ஓட்டல்ல கறுப்பருக்குப் பரிமாற மாட்டோம்னுட்டாங்க. இந்த மாதிரி அனுபவம் சேர்ந்து சேர்ந்துதான் 1937-ல மெம்ஃபிஸ்ல லெமாய்ன் காலேஜ்ல ஹியூ க்ளாஸ்டர்ங்கறவர் முன்கை எடுத்து, கறுப்பினக் கல்லூரி ஆசிரியர்களுக்குன்னு தனிச் சங்கம் ஆரம்பிச்சார். முதல்ல இங்கிலீஷ் ஆசிரியர்கள் மட்டும், அப்புறம் மத்த மொழி ஆசிரியர்களும் சேர்ந்தாங்க. காலேஜ் லாங்குவேஜ் அசோசியேஷன்னு இன்னைக்கும் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. குடிசையில பிரெஞ்சு எதுக்குன்னு கேட்ட டஸ்கீகிதான் 1901-ல ஆப்பிரிக்காவுல போய் நின்னுது. டோகோ அப்ப ஜெர்மன் காலனி. அங்க ஜெர்மன்காரங்களுக்குப் பருத்தி விளைவிச்சுக் காட்ட டஸ்கீகியிலேர்ந்து நாலு பேர் போனாங்க. ஆக வெளிநாட்டுத் தொடர்பு வேண்டாம்னு யாரும் சொல்லல. யாருக்காக, எந்த வேலைக்குங்கறதுலதான் தகராறு. எஜமானன் வயல்ல விளைவிக்கப் போகலாம், உக்காந்து இலக்கணம் படிக்கக் கூடாது.

நீங்க வேலை கிடைக்குமான்னு கேட்டீங்கல்ல? மெர்சர் குக்னு ஒரு பிரெஞ்சு வாத்தியார். ஹோவர்ட்ல சொல்லிக் குடுத்தவர், நடுவுல ஹைட்டியிலயும் ரெண்டு வருஷம். 1960-ல பிரெஞ்சு காலனிங்க வரிசையா விடுதலை ஆச்சு. அங்க போய்ப் பேச பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் வேணும், அதுவும் ஆப்பிரிக்கா பத்தி அக்கறையாப் படிச்ச ஆள். கென்னடி 1961-ல குக்கை நைஜருக்குத் தூதரா அனுப்பினார். 1964-ல செனகலுக்குப் போனார், அப்புறம் காம்பியாவும் சேர்ந்துது. செனகல் அதிபர் செங்கோர் கவிஞர், அவர் எழுத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவரும் குக்தான். அதே ஹோவர்ட்ல கிரேக்கமும் லத்தீனும் நடத்தின ஃபிராங்க் ஸ்னோடன் 1954-ல ரோம்ல அமெரிக்கத் தூதரகத்துக் கலாச்சார அதிகாரியாப் போனார், இத்தாலியன் சரளமாப் பேசுவார்.

எதிர்த் திசையில வந்தவங்களும் உண்டு. பென்சில்வேனியாவுல லிங்கன் யுனிவர்சிட்டி, 1854-ல ஆரம்பிச்சது. நைஜீரியாவோட முதல் ஜனாதிபதி அசிகிவே அங்க படிச்சவர். கானாவோட முதல் பிரதமர், அப்புறம் ஜனாதிபதி, நக்ரூமா 1939-ல அங்க பி.ஏ. முடிச்சார். அப்புறம் பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில படிக்கும்போது, தன்னோட நாட்டு மொழியான ஃபாண்டேவுக்கு இலக்கணம் எழுதின ஒரு மொழியியல் ஆய்வாளருக்குப் பேசிக் காட்டி உதவினவரும் அவரேதான். லிங்கன்ல படிச்ச ஜேம்ஸ் ராபின்சன்ங்கற பாதிரியார் 1958-ல அமெரிக்க மாணவர்களை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போற ஒரு அமைப்பு தொடங்கினார், அதைப் பாத்துதான் பீஸ் கோர்ங்கற அமெரிக்க அரசோட தொண்டர் அமைப்பு யோசனைக்கே உரம் கிடைச்சுது.

நம்ம பக்கமும் ஒரு தொடர்பு இருக்கு. ஹோவர்ட்ல பேராசிரியரா இருந்த கறுப்பினக் கிறிஸ்தவப் பாதிரியார் ஹோவர்ட் தர்மன், பேரும் அதேதான், குழப்பிக்காதீங்க, 1935-ல ஒரு குழுவோட கொழும்புல வந்து இறங்கினார். அங்க சட்டக் கல்லூரியில ஒருத்தர் அவரைத் தனியாக் கூப்பிட்டு, உங்களை அடிமையா வித்தவங்களோட மதத்தைச் சுமந்துகிட்டு எங்க ஊருக்கு வந்திருக்கீங்களேன்னு முகத்துக்கு நேரா கேட்டுட்டார். அந்தக் கேள்வி தர்மனைக் கடைசி வரைக்கும் விடல. அடுத்த வருஷம் பர்தோலியில காந்தியையும் பாத்துப் பேசினாங்க. வெளிநாட்டுப் படிப்புன்னா செல்ஃபி எடுத்துட்டு வர்றது இல்லைங்கறதுக்கு இதைவிட வேற என்ன சொல்ல.

இன்னைக்கு நெலமை? மறைக்காமச் சொல்றேன், சுமார்தான். அமெரிக்கா முழுக்கவே 2016-க்கும் 2021-க்கும் நடுவுல காலேஜ்ல வேற மொழி படிக்கிறவங்க எண்ணிக்கை 16.6 சதவீதம் கொறஞ்சிருக்கு. சின்னக் காலேஜ்ல இந்த அடி பலமா விழும். ஸ்பானிஷுக்கு ரெண்டு பேர், பிரெஞ்சுக்கு ஒருத்தர்னு ஓடுற டிபார்ட்மென்ட்ல அந்த ஒருத்தர் ரிட்டையர் ஆனா இடம் காலியாவே கெடக்கும். கிரேக்கத்துக்கு நடந்ததைக் கேளுங்க. கறுப்பினக் காலேஜ்கள்லயே கிளாசிக்ஸுக்கு, அதாவது கிரேக்க-லத்தீன் படிப்புக்கு, தனி டிபார்ட்மென்ட் மிச்சமிருந்தது ஹோவர்ட்ல மட்டும். நாவலாசிரியர் டோனி மாரிசன் அங்க துணைப் பாடமா எடுத்துப் படிச்சது அதுதான். 2021-ல அதைக் கலைச்சு, பாடங்களை மத்த டிபார்ட்மென்ட்டுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. எனக்கு அது வயித்தெரிச்சல்தான், ஆனா நிர்வாகம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கும்.

வெளிநாடு போறதுல தடை ஆசை இல்லாததில்ல. பணம். அமெரிக்க மாணவர்கள்ல நூத்துக்குச் சுமார் பதிமூணு பேர் கறுப்பினத்தவங்க, ஆனா வெளிநாடு போய்ப் படிக்கிறவங்கள்ல நூத்துக்கு அஞ்சாறு பேர்தான். முதல் தடவை பாஸ்போர்ட் எடுக்கவே 165 டாலர். கோடை லீவுல வெளிநாடு போனா அந்த ரெண்டு மாசச் சம்பளமும் போச்சு, அந்தக் காசுலதான் அடுத்த செமஸ்டருக்குப் புத்தகம் வாங்கணும். இதுக்காகத்தான் கில்மன் ஸ்காலர்ஷிப் வந்துது. 2000-ல சட்டம், வசதி இல்லாத மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தர்ற பெல் கிராண்ட்ங்கற உதவித்தொகை வாங்குற பிள்ளைங்களுக்கு மட்டும், சாதாரணமா 5,000 டாலர் வரைக்கும். ஹோவர்ட்ல ரால்ஃப் பஞ்ச் பேர்ல ஒரு மையம் இருக்கு, வெளியுறவுத் துறை வேலைக்குப் பிள்ளைங்களைத் தயார் பண்ற ரேஞ்சல் திட்டத்தை அங்கேர்ந்துதான் நடத்திட்டு வந்தாங்க. அட்லாண்டாவுல ஸ்பெல்மன் பெண்கள் காலேஜ் வெளிநாடு அனுப்புறதுல ரொம்ப நாளா கெட்டி. மரியன் ரைட் எடல்மன் அங்க படிக்கும்போது மெரில் ஸ்காலர்ஷிப்ல பாரிஸ், ஜெனீவா போயி, சோவியத் ரஷ்யா வரைக்கும் பாத்துட்டு வந்து சிவில் உரிமைப் போராட்டத்துல இறங்கினாங்க.

இப்ப பொண்ணு கேட்டதுக்கு. சேரலாம்மா, தாராளமா. ஆனா கில்மன், பெல் ரெண்டும் இந்தியாவுலேர்ந்து போற பிள்ளைக்குக் கிடைக்காது. காலேஜ் தர்ற மெரிட் ஸ்காலர்ஷிப்பைத்தான் நம்பணும், அதை அட்மிஷனுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. ஹோவர்ட் மாதிரிப் பெரிய எடத்துல ஸ்வாஹிலி, யோருபா வரைக்கும் கிடைக்கும். சின்னக் காலேஜ்னா வெப்சைட்ல பிரெஞ்சுன்னு பேர் இருக்கிறதைப் பாத்து ஏமாறாதீங்க. முதல் ரெண்டு வருஷப் பாடம் மட்டும் நடக்கும், மேல இருக்காது. டிபார்ட்மென்ட்டுக்கே மெயில் போட்டு, மூணாம் வருஷப் பாடம் கடைசியா எந்த செமஸ்டர்ல நடந்துச்சு, எத்தனை முழுநேர ஆசிரியர், பக்கத்துக் காலேஜ்ல போய் அந்தப் பாடம் படிச்சா கிரெடிட் தருவீங்களான்னு கேக்கச் சொல்லுங்க. அட்லாண்டா மாதிரி ஊர்ல காலேஜுங்க ஒட்டிக்கிட்டு இருக்கிறதால இந்த வசதி உண்டு. பதில் வந்தா கமெண்ட்ல போடுங்க, பாத்துச் சொல்றேன். அடுத்து யாரு, கோயம்புத்தூர் தம்பி விசா பத்திக் கேட்டிருக்கார்...