கண்முன் இருக்கும் சிக்னல்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நேரத்தை விழிப்போடு செலவிடுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் 31 வருஷம் ரயில் எஞ்சினில் இருந்தவன். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் வண்டி போனால் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் ஓடும். நம் இலக்கணத்தில் குறில் எழுத்துக்கு ஒரு மாத்திரை. கண் ஒருமுறை இமைக்கும் நேரம் அது. ஒரு ‘அ’ சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி ஏழெட்டு மீட்டர் போய்விடும். பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. நிற்பதற்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியும் மனம் அலையும். ராத்திரி இரண்டரை மணிக்குக் காட்பாடி தாண்டி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக விளக்குகள் பின்னால் போகும்போது, வீட்டில் காய்ச்சலோடு விட்டுவந்த பிள்ளை ஞாபகத்துக்கு வரும். மனித மனம் இப்படித்தான் என்று ரயில்வேக்குத் தெரியும். அதனால் ‘கவனமாக இரு’ என்று சொன்னதோடு விடாமல், வேலையையே அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள். எஞ்சினில் ஒரு கருவி உண்டு. ஒரு நிமிஷம் நாம் ஹாரன் அடிக்காமல், பிரேக்கைத் தொடாமல், எதையும் அசைக்காமல் இருந்தால் ஒரு விளக்கு மினுக்கும். அதைக் கவனிக்காவிட்டால் பஸ்ஸர் அடிக்கும். அதற்கும் நாம் அசையவில்லை என்றால் அதுவே பிரேக் பிடித்து வண்டியை நிறுத்திவிடும்.

ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்தக் கருவி என்று சொல்ல மாட்டேன். வாய்தான் காப்பாற்றியது. சிக்னலில் இரண்டு மஞ்சள் விளக்கு கண்ணில் பட்டதும் உதவி லோகோ பைலட் கையை நீட்டி ‘டபுள் யெல்லோ’ என்று உரக்கச் சொல்வார். நானும் என் கண்ணால் பார்த்துவிட்டு, ‘டபுள் யெல்லோ’ என்று திருப்பிச் சொல்வேன். ஒரு ராத்திரியில் நூறு தடவைக்கு மேல் வரும். ஜப்பானில் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். சிக்னல், வேகம், கடிகாரம் என்று ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி, வாயால் சொல்லி, அதன் பிறகுதான் அடுத்த வேலை. 1994-இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு எளிய வேலையை வைத்துச் சோதித்தது. சும்மா செய்தபோது 100 செயலுக்கு 2.38 தவறு, சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38. கண் பார்த்ததைக் கை காட்டி, வாய் சொல்லி, சொன்னது தன் காதிலேயே விழும்போது மனம் வேறு எங்கே போகும்?

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒரு தடுமாற்றம் வரும். சிக்னலைத் தாண்டிய பிறகு, ‘நான் பார்த்தது மஞ்சளா, பச்சையா?’ என்று மனம் குடையும். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் கைவிட்டுப் போகும். எனக்குச் சொல்லித் தந்த டிரைவர் ஐயா சொல்வார்: “சந்தேகமா? வேகத்தைக் குறை. வரப்போவது சிவப்பு என்றே வைத்துக்கொண்டு வா.” போனதைப் பற்றிக் கவலை வந்தாலும், அதற்காக இப்போது கையால் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று நான் புரிந்துகொண்ட இடம் அது.

வரப்போவதற்கு வேறு ஏற்பாடு. புறப்படும்போதே காஷன் ஆர்டர் என்று ஒரு தாள் தருவார்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்ன வேகம் என்று அதில் இருக்கும். உட்கார்ந்து நிதானமாகப் படித்து, கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்வோம். நாளைக்கு என்ன என்று யோசிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யோசிக்க வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும். எழுதி வைத்துவிட்டால் அதை மனதில் சுமந்துகொண்டே திரிய வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த நான் வீட்டில் எப்படி இருந்தேன்? இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். வேலையில் செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஓய்வு நாளில் அந்தக் கடனையெல்லாம் வட்டியோடு தீர்த்துக்கொள்வேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தான் சின்ன வயதில் தண்ணீர் சேந்திய கிணறு, அங்கே இருந்த மரம், கூடவே வரும் தோழி என்று பேசிக்கொண்டிருப்பார். நான் போனைப் பார்த்தபடி ‘உம்’ கொட்டுவேன். அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து என் மகள் கேட்டாள்: “அப்பா, ஆயாவோட அந்தத் தோழி பேர் என்ன?” நூறு முறையாவது சொல்லியிருப்பார். எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இனி யாரும் இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் போன் வழியாக ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்கள். 46.9 சதவீதம் நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, வேலையில் ஒன்றியிருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை. படித்தபோது அம்மா உட்காரும் அந்தத் திண்ணைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது எஞ்சின் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சிலிண்டரை மூடினால் கை காட்டி ‘கேஸ் மூடியாச்சு’ என்பேன். என் மனைவியும் பார்த்துவிட்டு, ‘மூடியாச்சு’ என்பார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனை அணைத்து வீட்டில் வைத்துவிட்டு, பேரனோடு ரயில்வே கேட் வரை நடப்பேன். அங்கிருந்து ஒரு சிக்னல் தெரியும். அவன் கையை நீட்டி ‘மஞ்சள்’ என்பான். நான் திரும்பிப் பார்த்து, ‘மஞ்சள்’ என்பேன். பார்க்காமல் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டான். “தாத்தா, நீ பாக்கல. பாத்துட்டுச் சொல்லு” என்பான். மறுபடியும் பார்த்துவிட்டுச் சொல்வேன்.