மியூஸ்ஸ்கோர் 4: மவுஸை ஓரமா வெச்சுட்டு நோட் எழுதலாம்

வணக்கம். இன்னிக்கு மியூஸ்ஸ்கோர் 4, கம்ப்யூட்டர்ல இசைக் குறிப்பு (நோட்டேஷன்) எழுதற சாஃப்ட்வேர். இலவசம்தான், ஆனா ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் வரைக்கும் தாங்கும்.

முதல்ல மவுஸை விடுங்க. நோட்டை ஒண்ணொண்ணா க்ளிக் பண்ணி வெக்கிறவங்க ரெண்டாவது பக்கத்துலயே சலிச்சுப்போயிடுவாங்க. ஒரு பாரை (ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கற பகுதி) செலக்ட் பண்ணி கீபோர்டுல N கீயை அழுத்துங்க, எழுதற மோடு வந்துடும். கால அளவு முதல்ல, எழுத்து அப்புறம். 5 அடிச்சா குவார்ட்டர் நோட், 4 அதுல பாதி, 6 அதுக்கு ரெண்டு மடங்கு. அடுத்து ஏ முதல் ஜி வரைக்கும் எது வேணுமோ அந்த எழுத்து. 0 அடிச்சா ரெஸ்ட், அதாவது மௌன இடைவெளி. இதே வேலைக்கான வேற சாஃப்ட்வேரான சிபீலியஸ்ல குவார்ட்டர் நோட்டுக்கு 4, டோரிகோல 6. அதனால ஒரு சாஃப்ட்வேர்ல கை பழகற வரைக்கும் இன்னொண்ணுக்குத் தாவாதீங்க.

சி அடிச்சுட்டு ஜி அடிச்சா ஜி கீழே போய் உட்காரும். கிட்ட இருக்கறதை அது எடுத்துக்கும். சி-யையும் சேர்த்து எண்ணினா மேல் ஜி அஞ்சாவது, கீழ் ஜி நாலாவது. கண்ட்ரோலோட மேல் அம்பு அடிங்க, ஒரு ஆக்டேவ் ஏறிடும்.

இப்போ நிறைய பேர் மாட்டிக்கிற இடம். எழுதற மோடை விட்டு வெளியே வந்துட்டு, ஒரு நோட் செலக்ட் ஆகியிருக்கறப்போ 6 அடிச்சா புது நோட் வராது. அந்த நோட்டே நீளும், பக்கத்துல இருந்ததை முழுங்கிடும். ஏன்னா பார் எப்பவும் நிரம்பியே இருக்கணும். காலியா ஒரு துளி இடம்கூட விடாது. அதேதான் டிலீட்லயும்: நோட்டை அழிச்சா அங்க ரெஸ்ட் வரும், பார் அப்படியே நிக்கும். பாரே போகணும்னா அதை செலக்ட் பண்ணி கண்ட்ரோலும் டிலீட்டும் சேர்த்து அடிங்க.

மேல ஒரு நோட் நீண்டு நிக்குது, கீழ வேற நோட்டு நகருதுன்னா, கார்ட் (சேர்ந்து ஒலிக்கற நோட்டுகள்) போட்டு டை (ஒரே ஸ்வர நோட்டுகளை இணைக்கற வளைவு) போட்டு ஒப்பேத்தாதீங்க. அது ரெண்டு வாய்ஸ், அதாவது ஒரே ஸ்டாஃப்ல தனித்தனியா ஓடற ரெண்டு வரிசை. கண்ட்ரோல் ஆல்ட் 2 அடிச்சு ரெண்டாவது வாய்ஸ்ல எழுதுங்க. முதல் வாய்ஸோட தண்டு மேலயும் ரெண்டாவதோட தண்டு கீழயும் தானா திரும்பும். ரெண்டாவது வாய்ஸ்ல தேவையில்லாத ரெஸ்ட்டை அழிக்கலாம். முதல் வாய்ஸ்ல அழிக்க முடியாது, வி அடிச்சு மறைக்கத்தான் முடியும்.

பி ஃப்ளாட் கிளாரினெட் பேப்பரைப் பார்த்து அடிக்கறப்போ கன்சர்ட் பிட்ச் (நிஜமா ஒலிக்கற சுருதியிலயே நோட்டைக் காட்டற) பட்டன் ஆஃப்ல இருக்கணும், ஏன்னா அந்தக் கிளாரினெட்டுக்கு எழுதறது ஒலிக்கறதைவிட ஒரு டோன் மேல இருக்கும். ஆன்ல இருந்தா எல்லாமே ஒரு டோன் மேல ஒலிக்கும்.

லேஅவுட் கடைசிலதான். பக்கத்துல அடங்கலைன்னா எதையும் இழுக்காதீங்க, பேஜ் செட்டிங்ஸ்ல ஸ்டாஃப் ஸ்பேஸை, அதாவது ஸ்டாஃபோட அஞ்சு கோட்டுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை, குறைங்க. 1.75 மில்லிமீட்டரை 1.6 ஆக்கினா ஸ்டாஃப் உயரம் 7-லேர்ந்து 6.4 ஆகும், எல்லாம் ஒரே விகிதத்துல சுருங்கும். வரி உடைக்க, பார்லைனைத் தொட்டு என்டர்.

வேற சாஃப்ட்வேருக்கு ஃபைல் அனுப்பணும்னா மியூசிக் எக்ஸ்எம்எல்ங்கற பொது ஃபைல் வடிவம். மிடி வேண்டாம், அதுல எஃப் ஷார்ப்பும் ஜி ஃப்ளாட்டும் ஒரே எண், ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்ற வளைவு) அடையாளமும் போயிடும். ஃபினாலேங்கற நோட்டேஷன் சாஃப்ட்வேர்ல எழுதின பழைய ஃபைல் வெச்சிருக்கீங்களா? அந்த சாஃப்ட்வேரோட உருவாக்கத்தை 2024 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஃபினாலே திறக்கிற வரைக்கும்தான் வாய்ப்பு, இன்னிக்கே எல்லாத்தையும் மியூசிக் எக்ஸ்எம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க.