தூணைத் தாண்டிய கால்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எத்தியோப்பியாவின் மகத்தான தருணம் நடந்தது போர்க்களத்திலா, ஓட்டப்பாதையிலா என்பது தலைப்பு. நான் ஓட்டப்பாதையின் பக்கம்.

எதிரணித் தோழி அட்வா போரைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1896 மார்ச் 1, இரண்டாம் மெனெலிக் மன்னரின் படை இத்தாலியை முறியடித்த நாள். ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் கூறுபோட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தோற்ற இத்தாலி சும்மா இருந்ததா? அதைத் தோழி சொல்லவில்லை. 1935இல் முசோலினியின் படை மறுபடி வந்தது, விஷவாயுவைக் கொட்டியது, அடுத்த ஆண்டு மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபாவையே பிடித்தது. அப்புறம் அக்சும் நகரத்தின் பழம்பெரும் கல்தூணைப் பெயர்த்து 1937இல் ரோமுக்குக் கொண்டுபோய் நட்டுவைத்தார்கள். 1941இல் நாடு விடுதலையானது, தூண் வரவில்லை. போர்க்களத்தில் வாங்கிய வெற்றியை 40 வருஷத்தில் போர்க்களத்திலேயே பறித்துவிட்டார்களே!

சரி, இப்போது அதே ரோமுக்கு வாருங்கள். 1960 செப்டம்பர் 10, ஒலிம்பிக் மாரத்தான். அபேபே பிகிலா என்று ஒருவர், பேரரசரின் மெய்க்காவல் படை வீரர், வேறொருவருக்கு உடம்பு முடியாமல் போனதால் அணிக்குள் வந்தவர், காலணி சரியாகப் பொருந்தாததால் வெறுங்காலோடு நிற்கிறார். அவர் யார் என்றே வெளியே பலருக்குத் தெரியாது. இருட்டுகிறது, பாதையோரம் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்திருக்கிறார்கள், மொரோக்கோவின் ராதி விடாமல் கூடவே ஓடி வருகிறார். பிகிலாவும் அவருடைய பயிற்சியாளர் ஓன்னி நிஸ்கனனும் முன்பே பாதையைப் பார்த்து, எந்த இடத்தில் வேகமெடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். எந்த இடம் தெரியுமா? அந்த அக்சும் தூண்! தன் நாட்டிலிருந்து தூக்கிவந்த கல்லின் பக்கத்தில் அந்த மனிதர் பாய்ந்தார் நடுவர் அவர்களே, இதைச் சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. 2 மணி 15 நிமிடம் 16 விநாடி, அன்றைக்கு உலகிலேயே சிறந்த நேரம், ராதியை 25 விநாடி முந்தி கான்ஸ்டன்டைன் வளைவின் கீழே முடித்தார்.

"ஒரு நாள் அதிர்ஷ்டம்" என்றார் எதிரணியின் இன்னொரு நண்பர். 1964 டோக்கியோவில் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத உடம்போடு வந்து, 4 நிமிடத்துக்கு மேல் முந்தி மறுபடி தங்கம் வாங்கினாரே, அதுவும் அதிர்ஷ்டமா? ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்ற முதல் மனிதர் அவர்தான். 1968இல் காயத்தால் அவர் பாதியில் விலகியபோது, தங்கத்தை வென்றது அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டே. 1992 பார்சிலோனாவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தெரார்த்து துலு, 2000 சிட்னியில் அதே தூரத்தில் கென்யாவின் டெர்காட்டை வெறும் 0.09 விநாடியில் வீழ்த்திய ஹைலே கெப்ரசெலாசி என்று அந்த ஓட்டம் நிற்கவே இல்லை.

இத்தாலி அந்தத் தூணைத் திருப்பிக் கொடுத்தது 2005இல். பிகிலா அதைத் தாண்டி ஓடி 45 வருஷம் கழித்து.